டெக்சஸில் ஃப்ளை ஃபிஷிங்: லைசென்ஸ் வாங்குவதிலிருந்து சொந்தமாக ராட் கட்டுவது வரை

ஆஸ்டினுக்குக் குடிவந்த முதல் வருடம் ஃப்ளை ஃபிஷிங் ஆசை வந்தது. இணையத்தில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் மலை ஓடையில் டிரவுட் பிடிப்பதைப் பற்றியவை. அதைப் பார்த்து மெல்லிய ராட் (தூண்டில் கம்பு), கொசு அளவு ஃப்ளைகள் (போலிப் பூச்சிகள்), மார்பு வரை வரும் ரப்பர் உடை என்று ஏறக்குறைய 600 டாலர் செலவழித்தேன். நான்கு மாதம் ஒரு மீனும் கிடைக்கவில்லை. அந்தச் சோர்விலேயே சொந்தமாக ஒரு ராட் கட்ட இறங்கி, அதில் பூசிய எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து காயவைக்கும் பூச்சு) கடைசிவரை பிசுபிசுவென்றே நின்றது.

இப்போது திரும்பிப் பார்த்தால், நான் செய்த தவறெல்லாம் வரிசைத் தவறு. முதலில் லைசென்ஸ், அப்புறம் விலை குறைந்த ஒரு செட், ஒரு பருவம் முழுக்கக் குளத்திலும் ஆற்றிலும் பழக்கம், குளிர்காலம் வந்த பிறகு ராட் கட்டுவது. இந்த வரிசையில் போயிருந்தால் பாதிப் பணமும் ஒரு வருடமும் மிச்சம். டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு லைசென்ஸ், இடம், சட்டம் பற்றிய பகுதிகள் பொருந்தாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். ஊரில் மூங்கில் குச்சியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்துத் தூண்டில் போட்டிருப்பீர்கள். அதில் முள்ளருகே இருக்கும் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். இறகும் நூலும் வைத்து முள்ளில் கட்டிய ஃப்ளைக்கு எடையே கிடையாது. தடித்த லைன்தான் எடை. அது காற்றில் சுருள் விரிந்து போகும்போது ஃப்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறது. ராட், லைன், லைனைச் சுற்றி வைக்கும் ரீல் எல்லாவற்றிலும் போட்டிருக்கும் எண் இந்த எடையைத்தான் குறிக்கிறது. 6-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 160 கிரெய்ன், அதாவது பத்தரை கிராம் போல. ராடின் எண்ணும் லைனின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

1. எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். டெக்சஸ் கோடையில் பெரும்பாலான இடங்களில் அது பிழைக்காது. கேன்யன் ஏரி அணைக்குக் கீழே குவாடலூப் ஆற்றில் குளிர்காலத்தில் டிரவுட் விடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் வீட்டருகே வருடம் முழுக்க இருப்பவை வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்கள். புளூகில் முதலான சன்ஃபிஷ் வகைகள், லார்ஜ்மவுத் பாஸ், மத்திய டெக்சஸ் ஆறுகளில் குவாடலூப் பாஸ். இந்தக் கடைசி மீன் இயற்கையாக வேறெங்கும் கிடையாது. டெக்சஸின் மாநில மீனும் அதுதான்.

புளூகிலில் தொடங்குங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் கூச்சமில்லாமல் கடிக்கும். ஒரு மாலையில் பத்துப் பதினைந்து முறை மீன் கடித்தால்தான் கை பழகும்.

2. லைசென்ஸ்: விலை, தேதி, பொறிகள்

மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் வாங்கலாம். மீன்பிடிச் சாமான் விற்கும் பெரிய கடைகளின் கவுன்டரிலும் கிடைக்கும். டிரைவிங் லைசென்ஸையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

நன்னீருக்கான ஆண்டு பேக்கேஜ் மாநிலவாசிக்கு 30 டாலர், மற்றவர்களுக்கு 58 டாலர். ஒருநாள் லைசென்ஸ் மாநிலவாசிக்கு 11, மற்றவர்களுக்கு 16. வாங்கும் அன்று இணையதளத்தில் ஒருமுறை விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பொறி: டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் நாம் மாநிலவாசி என்று நினைத்துவிடுகிறோம். மீன்பிடி லைசென்ஸுக்கு அந்தக் கணக்கு வேறு. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சஸில் வசித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் 30 டாலர் லைசென்ஸ் வாங்கிவிட்டு, ஆற்றங்கரையில் அதிகாரி கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் ஒருநாள் லைசென்ஸ் போதும்.

இரண்டாவது பொறியில் நானே விழுந்தேன். ஆண்டு பேக்கேஜ் என்பது வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு அல்ல. எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். நான் ஜூலையில் வாங்கி, ஆறே வாரத்தில் மறுபடி பணம் கட்டினேன். புது ஆண்டுக்கான விற்பனை ஆகஸ்ட் 15 வாக்கில் தொடங்கும். கோடைக் கடைசியில் ஆரம்பிப்பவர்கள் அதுவரை பொறுங்கள், அல்லது மாநிலவாசி என்றால் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லுபடியாகும் 47 டாலர் பேக்கேஜை எடுங்கள். அதில் கடல்நீரும் சேர்ந்தே வரும்.

லைசென்ஸ் இல்லாமலே முயன்று பார்க்கவும் வழி இருக்கிறது. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன்பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை; நுழைவுக் கட்டணம் மட்டும்தான். இன்க்ஸ் லேக் பூங்கா இதற்கு மிக நல்ல இடம். வார இறுதியில் இடம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க இலவச மீன்பிடி நாள்.

3. முதல் செட்டைக் கடையில் வாங்குங்கள்

ராட் கட்டும் ஆசை எவ்வளவு இருந்தாலும், முதல் ராட் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். நல்ல ராட் கையில் எப்படி வளைகிறது என்று தெரியாமல் கட்டினால், கட்டியது சரியா தவறா என்றே தெரியாது.

9 அடி, 6-ஆம் எண், நான்கு துண்டு. ராட், ரீல், லைன் சேர்ந்த செட்டாக 150 முதல் 200 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். டிரவுட்டுக்கு 5-ஆம் எண் போதும் என்பார்கள். இங்கே அடிக்கும் காற்றில் பாப்பர் எனும் மிதக்கும் தக்கை ஃப்ளையை வீச அது திணறும். ரீலுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பாஸும் புளூகிலும் ரீலிலிருந்து லைனை உருவிக்கொண்டு ஓடுகிற மீன்கள் அல்ல. லைனைக் கையாலேயே இழுத்துக் கொண்டுவந்துவிடலாம்.

லைனில் கவனம் வேண்டும். குளிர்நீருக்கென்று செய்த லைன் ஜூலை வெயிலில் இளகி, ராடில் லைன் ஓடும் வளையங்களில் ஒட்டும். வெப்பமண்டலக் கடலுக்கான லைன் ஜனவரியில் சுருண்டுகொள்ளும். பாஸுக்கான லைன் என்று கேட்டு வாங்குங்கள். அதன் முன்பகுதி கனமாக இருப்பதால் காற்றைத் தடுக்கும் ஃப்ளையையும் எளிதாகத் திருப்பிவிடும். லைன் நுனியில் கட்டும் லீடர் ஏழரை அடி போதும். பாஸுக்கு 10 அல்லது 12 பவுண்டு தாங்கும் நைலான், புளூகிலுக்கு அதன் முனையில் 5, 6 பவுண்டு நைலான் இரண்டடி. ஃப்ளூரோகார்பன் வேண்டாம், அது மூழ்கும். மிதக்கும் பாப்பரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

ஃப்ளைகள் பத்துப் பன்னிரண்டு போதும். 8, 10-ஆம் எண் முள்ளில் சிறிய பாப்பர் நான்கு, கறுப்பும் ஆலிவ் பச்சையுமாக வுல்லி பக்கர் நான்கு, 6-ஆம் எண் முள்ளில் கிளௌசர் மின்னோ நான்கு. ஒன்று இரண்டு டாலரிலிருந்து நான்கு டாலர் வரை ஆகும். முள்ளின் உள்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதுமடலுக்கும் நல்லது. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒருமுறைகூட வீசாதீர்கள்.

ரப்பர் உடையை வாங்காதீர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அரைக்கால் சட்டையும், வழுக்காத பழைய ஷூவும் போதும். செருப்பு வேண்டாம், சுண்ணாம்புப் பாறை விளிம்பு காலைக் கிழித்துவிடும்.

4. நீருக்குப் போகுமுன் இரண்டு வாரம் புல்தரை

ஆர்விஸ் கடைகளில் தொடக்கக்காரர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். முதலில் அங்கே போங்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் திருத்துவதைத் தனியாகத் திருத்த எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பிறகு தினமும் இருபது நிமிடம், ஃப்ளைக்குப் பதில் லீடர் நுனியில் கம்பளி நூல் துண்டைக் கட்டி, பூங்காப் புல்லில் பழகுங்கள். எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: லைன் பின்னால் நீள்வதற்குள் முன்னால் வீசிவிடுவது. திரும்பிப் பாருங்கள். பின்னால் லைன் நேராக நீண்டு முடிந்த பிறகுதான் கை முன்னே வர வேண்டும். சாட்டை சொடுக்குவதுபோல் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முப்பது அடி தூரம் சுத்தமாக வீசத் தெரிந்தால் கிளம்பலாம். புளூகிலும் பாஸும் பெரும்பாலும் கரையோர நிழலில்தான் நிற்கின்றன. அறுபது அடி வீசிப் பயனில்லை.

5. எங்கே போவது, எப்போது போவது

முதலில் நகரப் பூங்காக் குளங்கள். அங்கே மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும், ஆனால் கட்டணம் கிடையாது. குடியிருப்புச் சங்கத்துக் குளம் என்றால் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். அடுத்தது ஆஸ்டின் நடுவிலேயே இருக்கும் லேடி பேர்ட் ஏரி. அதற்கப்புறம் லானோ ஆறு. குவாடலூப் பாஸுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆற்றில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. டெக்சஸில் சராசரியாக 30 அடி அகலமுள்ள ஆற்றின் படுகை பொதுமக்களுக்கு உரியது. தண்ணீரில் நடந்து எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் கரைக்கு மேலே உள்ள நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அதன் வழியாக இறங்கினால் அத்துமீறல். பொதுச்சாலைப் பாலம் இருக்கும் இடம், பூங்கா, மாநிலத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்டிருக்கும் ஆற்று வாயில்கள் ஆகியவற்றில் மட்டும் இறங்குங்கள். வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால், உள்ளே வராதே என்று எழுதி வைத்ததற்குச் சமம்.

பாஸ் முட்டையிடும் மார்ச், ஏப்ரலும், புளூகில் கரையோரம் வட்டவட்டமாகக் குழி தோண்டி நிற்கும் மே, ஜூனும் புதியவர்களுக்கு ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை இரண்டு மணி நேரம், பொழுது சாயும் நேரம், அவ்வளவுதான். வெயிலில் ஆளும் தாங்காது, பிடித்த மீனை விட்டால் அதுவும் பிழைக்காது. புல்லில் கால் வைக்குமுன் பாருங்கள்: காட்டன்மவுத் விஷப்பாம்பு நீரோரத்தில்தான் இருக்கும்.

சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புளூகிலுக்கு எண்ணிக்கை வரம்போ அளவு வரம்போ பொதுவாகக் கிடையாது. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தடவி முழுசாகப் பொரித்தால் ஊர்க் கெண்டையின் ருசிக்குப் பக்கத்தில் வரும், முள்ளும் அதுபோலத்தான். லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்துக்கு மேல் இருந்தால், நாளுக்கு ஐந்து. சில ஏரிகளுக்குத் தனி விதி இருக்கிறது, போகுமுன் துறையின் தளத்தில் ஏரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். குவாடலூப் பாஸை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த ஸ்மால்மவுத் பாஸுடன் கலந்து பல ஆறுகளில் அதன் தூய இனம் மங்கிவிட்டது. அதை மீட்க மாநிலம் பல ஆண்டுகளாகக் குஞ்சுகளை விட்டுவருகிறது.

6. ராட் கட்டுவது: நவம்பரில் சாமான் வாங்குங்கள்

ஒரு பருவம் முடிந்துவிட்டதா? இப்போது கட்டலாம். 6-ஆம் எண் ஏற்கெனவே இருப்பதால், புளூகிலுக்கென்று 8 அடி, 4-ஆம் எண், நான்கு துண்டு ராட் கட்டுங்கள். கடை ராடில் கிடைக்காத சுகம் இதில்தான். உள்ளங்கை அளவு மீனுக்கும் இது வில்லாக வளையும்.

எனக்கு ஆன செலவு டாலரில்: ப்ளாங்க் எனப்படும் வெற்றுக் கம்பு 75, கார்க் பிடியும் ரீல் இருக்கையும் 42, வளையங்கள் 22, நூல் 7, ஒட்டும் எபாக்ஸி 9, மேல்பூச்சு எபாக்ஸி 16, தூரிகை, கிண்ணம், ஊசியில்லாத சிரிஞ்ச், டேப் எல்லாம் 14, மெதுவாகச் சுழற்றும் மோட்டார் 35, அனுப்பும் செலவு 12. மொத்தம் 232. பணம் மிச்சமாகும் என்று எண்ணி இறங்காதீர்கள். ஏறக்குறைய இதே விலைக்குக் கடையில் நல்ல ராட் கிடைக்கும். இரண்டாவது ராடிலிருந்து மோட்டாரும் மிச்ச எபாக்ஸியும் இருப்பதால் செலவு இறங்கும். ப்ளாங்க் வாங்கும்போதே, ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள்.

நூல் சுற்றும் மேசைக்குக் காசு கொடுக்க வேண்டாம். அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் ஆங்கில வி வடிவில் வெட்டி ராடை அதில் கிடத்துங்கள். நூல்கண்டை ஒரு டம்ளரில் போட்டு, நூலைக் கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு எடுத்தால் சரியான இறுக்கம் கிடைத்துவிடும்.

7. பிடியும் ரீல் இருக்கையும்: ஒரு மாலை, பிறகு 24 மணி நேரம்

ஒவ்வொரு துண்டையும் மேசையில் உருட்டி, எந்தப் பக்கம் நேராக நிற்கிறது என்று பார்த்து டேப்பில் குறியிடுங்கள். வளைத்துப் பார்த்து ப்ளாங்கின் முதுகெலும்பை, அதாவது விறைப்பான பக்கத்தை, கண்டுபிடிக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். நேர்க்கோடு பார்த்தால் போதும் என்பதே என் அனுபவம்.

கார்க்கின் துளை சிறியதாக இருக்கும். ப்ளாங்கின் மெல்லிய முனையிலிருந்து அதைக் கோத்துக் கீழே இறக்கி, இறுகும் இடத்தில் நிறுத்தி, உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பெரிதாக்குங்கள். அவசரத்தில் அழுத்தினால் கார்க் பிளந்துவிடும். பசையில்லாமல் கடைசி இடம் வரை வந்த பிறகுதான் பசை கலக்க வேண்டும். ரீல் இருக்கைக்கும் ப்ளாங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாஸ்கிங் டேப் சுற்றி மூன்று வளையமாக நிரப்புங்கள். வளையங்களுக்கு நடுவே பசை நிற்கும்.

பசை காயுமுன் ரீலை மாட்டி, முதல் வளையத்தை டேப்பால் ஒட்டி, கண்ணை ராடின் அடியில் வைத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தை விட்டதால் என் முதல் ராடில் ரீல் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கிறது. வழிந்த பசையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒரு முழுநாள் தொடாமல் வையுங்கள்.

8. வளையங்களும் நூலும்: பத்து மணி நேரம்

நுனி வளையத்தை எபாக்ஸியால் ஒட்டாதீர்கள். சூட்டில் உருகும் பசைக்குச்சியால் ஒட்டினால், பின்னால் மாற்ற வேண்டி வரும்போது லேசாகச் சூடு காட்டிக் கழற்றலாம். மற்றவை அடிக்கு ஒன்று வீதம் எட்டு: பெரியது ஒன்று, பாம்புபோல் வளைந்த கம்பி வளையங்கள் ஏழு. ப்ளாங்குடன் வரும் அளவுத்தாளின்படி டேப்பால் ஒட்டி, லைனைக் கோத்து நுனியை இழுத்து வளைத்துப் பாருங்கள். லைன் ராடின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது நேர்க்கோடாகக் குறுக்கே பாய்ந்தால் அங்கே வளையத்தை நகர்த்துங்கள்.

வளையத்தின் கால் நுனிகளை அரத்தால் கத்திமுனைபோல் சரிவாக்கிவிட்டுத்தான் நூல் சுற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நூல் காலின் மேல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். சுற்றலை ப்ளாங்கிலிருந்து தொடங்கி வளையத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். முடிய ஆறு சுற்று இருக்கும்போது, தனி நூலை மடித்து ஒரு கொக்கிபோல் உள்ளே வைத்து அதன்மேல் சுற்றுங்கள். சுற்றி முடித்த நூலை வெட்டி, அந்த மடிப்பில் நுழைத்து இழுத்தால் முனை உள்ளே போய் மறைந்துவிடும். எட்டு வளையத்துக்கு 16 கட்டு, துண்டுகள் ஒன்றோடொன்று செருகும் மூன்று இணைப்பு வாய்களுக்கு 3, நுனி, ஃப்ளை மாட்டும் கொக்கி, பிடியின் மேல்விளிம்பு என்று இன்னும் 3, மொத்தம் 22. முதல் கட்டுக்கு எனக்கு நாற்பது நிமிடம், கடைசிக்குப் பதினைந்து. இணைப்பு வாய்க் கட்டுகளை விட்டுவிடாதீர்கள், துண்டு பிளக்காமல் காப்பது அவைதான்.

நூலின் நிறத்தில் ஒரு பொறி: சாதாரண நைலான் நூல் எபாக்ஸி பட்டதும் ஊடுருவித் தெரிந்து கறுத்துவிடும். பிடித்த நிறம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் நிறம் காக்கும் திரவத்தை முதலில் பூசுங்கள், அல்லது அது தேவைப்படாத நூலாகக் கேட்டு வாங்குங்கள்.

9. எபாக்ஸி: ராட் வாழ்வதும் கெடுவதும் இங்கேதான்

இரண்டு பாட்டில் திரவங்களும் சரிசமமாக இருக்க வேண்டும். என் முதல் ராட் காயாமல் போனதற்குக் கண்ணளவில் ஊற்றியதே காரணம். தனித்தனி சிரிஞ்சில் 3 மில்லி, 3 மில்லி. அதற்குக் குறைவாகக் கலந்தால் சிறு பிழையும் பெரிய விகிதமாகிவிடும். சிரிஞ்ச் சிலிகான் தடவாததாக இருக்கட்டும், சிலிகான் பட்ட இடத்தில் பூச்சு விலகிக் குழிக்குழியாக நிற்கும்.

இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, உடனே அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புங்கள். குமிழிகள் தானே மேலே வந்து உடையும், சீக்கிரம் கெட்டியும் ஆகாது. இருபது நிமிடத்துக்குள் பூசி முடியுங்கள். இணைப்பு வாயின் உள்ளே ஒரு துளியும் போகாதபடி டேப் ஒட்டி மூடுங்கள். மெல்லிய பூச்சு இரண்டு, தடித்த பூச்சு ஒன்றைவிட நல்லது. ஆறு மணி நேரம் மோட்டாரில் சுழல வேண்டும். நின்றால் கீழ்ப்பக்கம் சொட்டாகத் திரண்டுவிடும். மறுநாள் இரண்டாவது பூச்சு.

டிசம்பர் குளிரில் கராஜில் வைத்துச் செய்யாதீர்கள். 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் காய நாளாகும். வீட்டுக்குள் தூசியில்லாத அறை, ஜன்னல் கொஞ்சம் திறந்து, கையுறையுடன். குழந்தைகளை அந்த இரண்டு நாள் அந்த அறைக்குள் விடாதீர்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் ராடை வளைக்காமல் வையுங்கள்.

இணைப்புகளில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள், ஆற்றில் கழன்று பறக்காது. வெயில் காலத்தில் காரின் டிக்கியில் ராடைப் போட்டுவிட்டு அலுவலகம் போகாதீர்கள். அந்தச் சூட்டில் நுனி வளையத்தின் பசை இளகி, வளையம் திரும்பிவிடும். எனக்கு ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது.

ஜனவரி கடைசியில் ராட் தயாராகிவிடும். பிப்ரவரியிலிருந்தே ஒயிட் பாஸ் முட்டையிட ஆற்றில் ஏறிவரத் தொடங்கும். புகானன் ஏரிக்கு மேலே கொலராடோ பெண்ட் மாநிலப் பூங்காவுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மீனுக்கு 6-ஆம் எண் ராடையும் கூட எடுத்துப் போங்கள். சொந்த ராடுக்கு அங்கேயே கரையோரத்தில் சன்ஃபிஷ் இருக்கும்.